ஆளற்ற விடுதி

விருந்தினர்க்கென்றே கட்டப்பட்ட மனை ஆளற்றுக் கிடப்பதனினும் அச்சந் தரும் காட்சி அரிது. இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்ட கணினி விளையாட்டு வகையொன்று இன்று எம் இளைஞரைக் கவர்ந்துள்ளது. பாழடைந்த யப்பானிய விடுதியினுள் தனியே நுழைந்து, அறை அறையாகத் தேடி, உயிரோடு மீள்வதே அவ்விளையாட்டு. அஃது எங்ஙனம் அச்சமூட்டுகின்றது என்பதை ஈண்டுச் சிறிது நோக்குவாம்.

முதலாவது, பார்வை. நாடகத்திலே பாத்திரத்தை எட்டநின்று காண்கிறோம். இவ்விளையாட்டிலோ ஆடுவோனின் கண்ணே பாத்திரத்தின் கண். திரையில் அவன் உருவம் தோன்றாது. கைவிளக்கின் ஒளிவட்டமே தோன்றும். முதுகுப்புறத்தில் யாது நிகழ்கின்றதென அறியத் திரும்பியே பார்த்தல் வேண்டும். யப்பானின் கப்கொம் நிறுவனம் 1996இல் தொடங்கிய ‘றெசிடென்ற் ஈவில்’ வரிசை பாத்திரத்தைப் புறத்தே நின்று காட்டியது. அதன் ஏழாம் விளையாட்டு 2017இல் பாத்திரத்தின் கண்வழியே நோக்கும் முறைக்கு மாறியது.

இரண்டாவது, வலிமையின்மை. தெக்மோ நிறுவனம் 2001இல் வெளியிட்ட விளையாட்டொன்றில், தமையனைத் தேடிப் பாழ்மாளிகை புகும் பெண்ணிடம், ஆவிகளை எதிர்க்கப் பழைய புகைப்படக் கருவியன்றி வேறு படையில்லை.

மூன்றாவது, இடம். ‘றியோக்கான்’ எனப்படும் மரபுவழி விடுதியில், பாய் விரித்த அறைகள் ஒன்றுபோல நிரல்பட்டு நிற்கும். காகிதம் ஒட்டிய தள்ளுகதவு ஆளை மறைத்து நிழலை மட்டும் காட்டும். இவ்விடுதிகள் பாழாதல் வெறுங் கற்பனையன்று. 1990களில் யப்பானியப் பொருளாதாரம் தளர்ந்தபின், நிக்கோவை அடுத்த கினுகாவா வெந்நீரூற்றுப் பகுதியில் ஆற்றங்கரைப் பெருவிடுதிகள் பல கைவிடப்பட்டன. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் ஆளற்ற வீடுகள் ஏறத்தாழ 90 இலட்சம்.

வடகீழ் யப்பானில் ஒரு நம்பிக்கை உண்டு. விருந்தறையில் குழந்தை வடிவான ஆவியொன்று வாழும் என்பர். யனகித்தா குனியோ 1910இல் வெளியிட்ட தோனோ ஊர்க் கதைத் தொகுதியிலும் அது இடம்பெற்றுள்ளது. அவ்வாவி உள்ளவரை வீடு செழிக்கும். நீங்கின் வீடு அழியும். இலக்குமி நீங்கினாள் என எம் முன்னோர் கூறியதும் இதுவே. ஆவி வருதலன்று, இருந்தவர் போதலே கேடு.

நாரந்தனையிற் பிறந்த எமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1990ஆம் ஆண்டின் இராணுவ நடவடிக்கையை அடுத்துத் தீவக மக்களிற் பெருந்தொகையினர் ஊர்விட்டு அகன்றனர். 2009இல் போர் ஓய்ந்த பின்னரும் மீளாதார் பலர். வழிப்போக்கர் இளைப்பாறத் திண்ணையமைத்த சங்கடப் படலைகள் சரிந்தன. நாற்சார் வீட்டு முற்றங்களில் மரம் முளைத்தது.

அந்நிய நாட்டிற் பிறந்த என் பேரன் சென்ற விடுமுறையில் எங்கள் பழைய வீட்டுவாசலில் நின்றான். “அப்பப்பா, இது நான் விளையாடுற விடுதி மாதிரியே இருக்கு” என்றான். உள்ளே வர மறுத்தான். யான் அவன் கையைப் பற்றி உட்சென்றேன். இஃது உன் பூட்டி நெல் அவித்த இடம். இத்திண்ணையிலேதான் உன் தகப்பன் ஏடு தொடக்கினான். இவ்வறையிலே என் தமக்கை பிறந்தாள் என ஒவ்வொன்றாய்க் காட்டினேன். மூன்றாம் அறைக்கு அவன் எனக்கு முன்னே சென்றான்.

அன்றே அவ்விளையாட்டின் மறையை யான் உணர்ந்தேன். அங்கு வாழ்ந்தவர் யாரென ஆடுவோன் அறியான், அறியாமையே அச்சமாகின்றது. அறிந்தபின் எஞ்சுவது துயரமேயன்றி அச்சமன்று. துயரத்தோடு ஒரு வீட்டிற் குடியிருத்தல் கூடும், அச்சத்தோடு கூடாது.

அறைகளின் கதை அறிந்த எம் தலைமுறை அருகி வருகின்றது. பழைய மாணவ நண்பர்காள்! கூரையைப் பின்னர் வேயலாம். பேரப்பிள்ளைகளை ஒருமுறை அழைத்து வந்து, எவ்வறை எவருடையதெனச் சொல்லிவிடுங்கள்.