கற்பித்தல், வழிகாட்டல், தொண்டு: இதழியல் பேராசிரியர் லயனல் பாரோவின் பணிவாழ்வு

முன்னுரை

பல்கலைக்கழக ஆசிரியரின் பணியை மதிப்பிடும் படிவங்கள் பெரும்பாலும் கற்பித்தல், ஆய்வு, தொண்டு என மூன்று பகுதிகளாக அமைந்திருக்கும். மாணவரை அருகிருந்து வழிநடத்தும் உழைப்பு மூன்றாம் பகுதியில் ஓரிரு வரிகளில் அடங்கிவிடும். பதவி உயர்வின்போது மிகக் குறைவாக எடைபோடப்படுவதும் அப்பகுதியே. அமெரிக்காவின் கறுப்பின இதழியல் பேராசிரியரான லயனல் சி. பாரோவின் (1926–2009) பணிவாழ்வு இப்பகுப்புக்குள் அடங்குவதன்று. அவரிடத்தில் மூன்றும் ஒரே வினாவிலிருந்து கிளைத்தன. ஒரு சமூகத்தைப் பற்றிய செய்தியை எழுதுவோர் யார்? அவ்வாறு எழுதுவோரை உருவாக்கும் ஆசிரியர் யார்? முதல் வினாவை அவர் காலத்தில் பலரும் எழுப்பினர். இரண்டாவதை வற்புறுத்தியதிலேயே பாரோவின் தனித்தன்மை புலப்படுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

1968ஆம் ஆண்டுச் சூழல்

அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் இளங்கலை பயின்ற பாரோ, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்பியலில் ஆய்வு செய்து 1960இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் விளம்பரத்துறை ஆய்விலும் ஈடுபட்டார்.

1967ஆம் ஆண்டு நகரக் கலவரங்களை ஆராயக் குடியரசுத் தலைவர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம் 1968இன் தொடக்கத்தில் தன் அறிக்கையை அளித்தது. அவ்வறிக்கையின் ஓர் இயல் முழுவதும் செய்தி ஊடகங்களைப் பற்றியது. செய்தி ஆசிரியப் பணிகளில் இருந்தோருள் கறுப்பினத்தவர் 5 விழுக்காட்டினும் குறைவு. மேற்பார்வைப் பொறுப்புகளில் 1 விழுக்காடும் இல்லை. அவர்களுள்ளும் பெரும்பாலோர் கறுப்பினத்தவரே நடத்திய நிறுவனங்களில் பணிபுரிந்தனர். இவை அவ்வியல் தந்த கணக்குகள். அறிக்கை வெளிவந்த சில வாரங்களில், ஏப்ரல் 4 அன்று, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அவ்வாண்டு இதழியல் ஆசிரியர்களின் தேசியச் சங்கம் கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் கூடியது. சிறுபான்மை இனத்தாரை இதழியல் கல்விக்குள் கொண்டுவரவும் பயிற்றுவிக்கவும் சங்கம் முனைய வேண்டும் என்னும் கோரிக்கையை அங்கு எழுப்பியவர் பாரோ. அதன் விளைவாகச் சிறுபான்மையினர் கல்விக்கென ஒரு தற்காலிகக் குழு அமைந்தது. 1970களின் தொடக்கத்தில் அது சங்கத்தின் நிலையான பிரிவாயிற்று. தற்காலிகக் குழுக்கள் ஓர் அறிக்கையுடன் மறைந்துவிடுவதே கல்விச் சங்கங்களின் பொது வழக்கம் என்பதை நோக்க, இம்மாற்றம் சிறிதன்று.

ஆசிரியரை உருவாக்குதல்

செய்தி நிறுவனங்கள் தமக்கு வேண்டிய இளைஞரை இதழியல் பள்ளிகளில் தேடுகின்றன. எவரைச் சேர்ப்பது, எவர் கட்டுரையைப் பாராட்டுவது, எவரை எந்த இதழுக்குப் பரிந்துரைப்பது என்பனவற்றைப் பள்ளிகளில் முடிவு செய்வோர் ஆசிரியர்களே. நிலையான ஆசிரியப் பதவிக்கு முனைவர் பட்டம் தகுதியாக வற்புறுத்தப்பட்டபோது, முனைவர் பட்ட நிலையில் உள்ள வெற்றிடம் செய்தியறை வரை நீள்கிறது. ஆகவே, செய்தியறையில் காணும் குறையைச் செய்தியறையில் மட்டும் நின்று களைதல் அரிது.

சங்கத்தின் கருத்தியல், ஆய்வுமுறையியல் பிரிவின் துணையோடு சிறுபான்மை முனைவர் பட்ட மாணவருக்கென நிறுவப்பெற்ற உதவித்தொகை பாரோவின் பெயரைத் தாங்கியிருப்பது இவ்வகையில் பொருத்தமுடையது. தொகையின் அளவைக் காட்டிலும், அது வழங்கப்படும் கட்டம் கருதத்தக்கது. ஆய்வேட்டை எழுதும் ஆண்டுகளில்தான் பலர் பொருள்முட்டால் படிப்பை விடுகின்றனர் என்பதை நெறியாளராக இருந்தோர் அறிவர்.

நிறுவனப் பணி

மில்வாக்கியில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க-அமெரிக்கவியல் துறைக்குத் தலைமையேற்ற பாரோ, 1975 முதல் 1985 வரை வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் புலத்திற்கு முதன்மையராக விளங்கினார். (இது ஹார்வர்டு அன்று, கறுப்பின மாணவர்க்கு உயர்கல்வி அளிப்பதில் நெடிய வரலாறுடைய வேறொரு பல்கலைக்கழகம்.) 1980இல் அப்பல்கலைக்கழகத்தின் பொதுத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. அப்பெருமை ஒருவருக்கு மட்டும் உரியதன்று. எனினும், வகுப்பில் கற்பதை அந்நகரத்து மக்களுக்கே படைத்துக்காட்டும் வாய்ப்பு அருகிலேயே அமைந்த ஒரு கல்விச்சூழல் அங்கு உருவாயிற்று.

வரலாற்றாய்வு

அமெரிக்காவின் முதல் கறுப்பின இதழான 'பிரீடம்ஸ் ஜர்னல்' 1827 மார்ச் 16 அன்று நியூயார்க்கில் தோன்றியது. சாமுவேல் கார்னிஷ், ஜான் ரஸ்வோம் ஆகிய இருவர் அதன் ஆசிரியர்கள். பிறர் தம்மைப் பற்றிப் பேசியது போதும், இனித் தம் வழக்கைத் தாமே உரைப்போம் என்பது அவ்விதழின் நிலைப்பாடு. இரண்டாண்டுகளே வாழ்ந்த அவ்விதழின் தொடக்கத்தைப் பற்றிப் பாரோ எழுதிய ஆய்வுக்கட்டுரை, அதன் 150ஆம் ஆண்டை ஒட்டி 'ஜர்னலிசம் ஹிஸ்டரி' ஆய்விதழில் வெளிவந்தது. 'எம் சொந்த வழக்கு' என்று பொருள்படும் தலைப்பை அதற்கு அவர் இட்டார்.

அதுவரை இதழியல் வரலாற்றுப் பாடநூல்களில் கறுப்பின இதழ்கள் ஓரத்துச் செய்தியாகவே இருந்தன. தம் முன்னோர் இத்துறையில் ஒன்றரை நூற்றாண்டு உழைத்தனர் என்று அறியும் மாணவர், செய்தியறையில் தம்மைப் புதிதாக அனுமதிக்கப்பட்ட விருந்தினராகக் கருதார். இவ்வகையில் பாரோவின் வரலாற்றாய்வும் வழிகாட்டலின் ஒரு கூறு எனக் கொள்ள இடமுண்டு. படிவம் இதனை 'ஆய்வு' என்றும் கேன்சஸ் கோரிக்கையைத் 'தொண்டு' என்றும் பிரித்துவைக்கும்.

கணக்கெடுப்பும் அதன் எல்லையும்

அமெரிக்கச் செய்தித்தாள் ஆசிரியர் சங்கம் 1978இல் ஓர் இலக்கை ஏற்றது: 2000ஆம் ஆண்டுக்குள் செய்தியறைகளில் சிறுபான்மையினரின் பங்கு, மக்கள்தொகையில் அவர்தம் பங்குக்கு நிகராதல் வேண்டும். அப்போது அப்பங்கு ஏறத்தாழ 4 விழுக்காடு. 1998இல் 11 விழுக்காட்டைச் சற்றே கடந்திருந்தது. இலக்கு எட்டாது என்பதை உணர்ந்த சங்கம் காலவரம்பை 2025க்குத் தள்ளிவைத்தது. இது தோல்வியே. ஆயினும், ஆண்டுதோறும் எண்ணிப்பார்த்தமையால்தான் அத்தோல்வி அனைவர்க்கும் தெரிந்தது.

பாரோவின் தலைமுறையினர் எழுப்பிய இவ்வினா 1996இல் டெல்லியிலும் எழுந்தது. அதனைக் கேட்டவர் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் டெல்லிச் செய்தியாளராக இருந்த கென்னத் கூப்பர் என்னும் கறுப்பின அமெரிக்கர். தலித் இதழாளர் ஒருவரைக் காண வேண்டும் என்ற அவரது வேண்டுகோளே, பி.என். உனியால் அவ்வாண்டு நவம்பரில் 'தி பயனியர்' நாளிதழில் எழுதிய கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று. முப்பதாண்டுப் பணியில் தாம் ஒரு தலித் இதழாளரையும் சந்தித்ததில்லை என்பதை உனியால் அப்போதுதான் உணர்ந்தார். அரசு அங்கீகாரம் பெற்ற செய்தியாளர் பட்டியலில் தேடியும் ஒருவரைக்கூட அவரால் இனங்காண இயலவில்லை. பட்டியலில் சாதி குறிக்கப்படாமையின் அவர் துணைப்பெயர்களின் துணையை நாடினார். பெயரின் பின் சாதியை நீக்கிய வழக்குடைய தமிழ்நாட்டுக்கு அம்முறை பொருந்தாது. இங்கு அக்கணக்கை எடுக்க விழையும் ஆய்வாளர், செய்தியறைதோறும் சென்று நேரில் வினவியே தரவு திரட்டவேண்டியிருக்கும்.