வேகத்தடையில் ஏறினால் ஸ்டியரிங் உதறுகிறதா?

பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஸ்டியரிங் கையில் கடகடவென்று உதறுகிறது என்று சொன்னால், பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்.’ அப்படி இருக்கக் கூடாது. ஆலையிலிருந்து வெளியே வந்த நாளில் அந்த வண்டி உதறவில்லை. எங்கோ ஒரு மூட்டு தேய்ந்திருக்கிறது, அல்லது ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது. அது எது என்று தெரியாமல் வண்டியைச் சாலையில் விடுவது உங்கள் உயிரோடு மட்டும் முடிகிற விஷயம் அல்ல. எதிரே வருகிறவர் உயிரும் அதில் இருக்கிறது.

பெரம்பலூர் மாவட்டம் குரும்பலூரிலிருந்து கிளம்பும் வண்டி சில கிலோமீட்டரில் பெரம்பலூரைத் தொட்டு, சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையில் ஏறிவிடுகிறது. ஊருக்குள் இருபது கிலோமீட்டர் வேகத்தில் வேகத்தடை மேல் உதறிய அதே மூட்டு, அங்கே எண்பதில் பாலத்து இணைப்புகளின் மேல் அடி வாங்குகிறது. அரியலூர் பக்கம் போனால் சிமென்ட் ஆலை லாரிகள் எதிரே வருகிற சாலை. கரும்புப் பருவத்தில் எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்களும் சேர்ந்துகொள்ளும். அந்த நெருக்கத்தில் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காமல் அரை அடி விலகினாலே விபத்துதான்.

முதலில் உதறல் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். சமமான சாலையில் குறிப்பிட்ட ஒரு வேகத்துக்கு மேல் மட்டும் வந்தால் சக்கர பேலன்ஸ், டயர், ரிம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் டிரம் அல்லது டிஸ்க். மேடு பள்ளத்தில் மட்டும் வந்தால் ஆட்டம் இருக்கும் இடம் வேறு: டைராடு எண்டு, கிங்பின், வீல் பேரிங், சஸ்பென்ஷன் புஷ், ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங் பெட்டியை அல்லது ராக்கைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் போல்ட். பட்டறையில் முதல் கேள்வியே இதுவாக இருக்க வேண்டும். இதைக் கேட்காமல் நேராக ‘அலைன்மென்ட் பண்ணிடலாம்’ என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ஆட்டம் இருக்கும் மூட்டை வைத்துக்கொண்டு செய்கிற அலைன்மென்ட் அடுத்த பள்ளம் வரைக்கும்கூட நிற்காது. காசு கொடுத்தோம், சரியாகிவிட்டது என்கிற நம்பிக்கை அதைவிட ஆபத்து.

ஆட்டத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, உறுதியான ஸ்டாண்டை அடியில் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து மாறி மாறி இழுங்கள். ‘டொக்’ என்று ஆட்டம் தெரிந்தால், உள்ளே ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி இழுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங்பின் அல்லது அதன் புஷ். அடுத்து இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். அந்தத் திசையில் மட்டும் ஆட்டம் என்றால் டைராடு எண்டு அல்லது ராக் பக்கம் சந்தேகம்.

இன்னொரு சோதனை இதைவிட நம்பகமானது. நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதாக, வேகமாக அசைக்க வேண்டும். மற்றொருவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்த பிறகுதான் மறுபக்கம் அசையும். அந்தத் தாமதத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம், விரல் உடனே சொல்லிவிடும். ரப்பர் மூடி கிழிந்து, மண்ணும் கிரீஸும் கலந்து கரும்பசையாக ஒட்டியிருக்கும் மூட்டிலிருந்து தொடங்குங்கள். கூடவே ஒவ்வொரு நட்டிலும் ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத நட்டு, அதிர்வில் தானே கழன்றுவிடும்.

1958 முதல் 2014 வரை வந்த அம்பாசடருக்கு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங், முன்னால் டார்ஷன் பார். இணைப்புகள் குறைவு என்பதால் ராக்கின் பிடிப்பு போல்ட் தளர்ந்தாலே உதறல் நேராகக் கைக்கு வந்துவிடும். ஃபியட் வழி வந்த பத்மினியில் ஸ்டியரிங் பெட்டி வகை. மூட்டுகள் கூடுதல், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் ஆட்டமே பெரிதாகத் தெரியும். முன்பக்கம் முழு ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் கொண்ட பழைய மஹிந்திரா ஜீப்பில்தான் நிலைமை மோசம். ஒரு பள்ளத்தில் தொடங்கும் வாப்ளிங், வேகம் குறையும் வரை நிற்காமல் தொடரக்கூடும். அப்படி வந்தால் பிரேக்கில் ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறையவிட்டு, ஓரம் கட்டுங்கள். கட்டிய பிறகு அப்படியே வீடு வரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள்.

சட்டம் இதில் வெகு தெளிவாக இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆம் விதி, ஸ்டியரிங் அமைப்பு நல்ல நிலையில் இருக்க வேண்டும், ஸ்டியரிங் வீலில் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, பந்து மூட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. 40 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஸ்டியரிங்கில் 30 டிகிரி என்பது விளிம்பில் சுமார் 10 சென்டிமீட்டர். வீலில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, முன்சக்கரம் அசையத் தொடங்கும் வரை இரு பக்கமும் திருப்பிப் பார்த்தால் அளந்துவிடலாம். என் கருத்தில் 10 சென்டிமீட்டர் என்பது சட்டத்தின் கடைசி எல்லை. ராக் வகை ஸ்டியரிங்கில் அதில் பாதி இருந்தாலே பட்டறைக்குப் போக வேண்டும்.

குறை தெரிந்தே ஓட்டினாலும், சாதாரண கவனத்தில் தெரிந்திருக்க வேண்டிய குறையோடு ஓட்டினாலும், மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆவது பிரிவின்படி 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தக் குறையால் விபத்து நேர்ந்து ஒருவர் காயம்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. ‘ஓட்ட அனுமதித்தவரும்’ இதில் அடக்கம் என்பதால், டிரைவர் வைத்திருக்கும் உரிமையாளர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று தேற்றிக்கொள்ளவும் வேண்டாம். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் வழக்கமான பாலிசியில் சேராது. வண்டியைச் சரியான நிலையில் பராமரிக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று.

பதினைந்து ஆண்டு முடிந்த சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. அந்த ஆய்வுக்குப் பெரம்பலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோகும் முன்பு மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிடுங்கள். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் 57-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். 50 ஆண்டு தாண்டிய வண்டியை 2021-இல் வந்த விதிகளின்படி பழம்பெரும் வாகனமாகப் பதியலாம் என்று யோசனை சொல்வார்கள். அதை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, எரிபொருள் போன்ற தேவைகளுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். தினமும் வயலுக்கும் சந்தைக்கும் போகிறவர்களுக்கு அது உதவாது.

இனி பட்டறைக்குச் செலுத்தும் பணம். கழற்றும் முன்பு ஆட்டத்தை செல்போனில் வீடியோ எடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாகம், என்ன விலை, என்ன கூலி என்று தனித்தனியாக எழுதிய பில் கேளுங்கள். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். உற்பத்தி நின்றுபோன வண்டிகள் என்பதால் போலி உதிரிபாகமும், உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பாகமும் கைமாறும். கதவும் கண்ணாடியும் அப்படி வாங்கலாம். டைராடு எண்டும் கிங்பின்னும் அப்படி வாங்கக் கூடாது. வளைந்த டைராடை வெல்டிங் வைத்து நிமிர்த்தித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வேலை செய்தும் உதறல் அப்படியே இருந்தால், முதலில் அதே பட்டறைக்கு எழுத்தில் சொல்லுங்கள். வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி, அவர் கண்டதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பலமுறை பேச்சிலேயே தீர்வு கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் பெரம்பலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள், புகார் தாக்கல் செய்யலாம். வேலை திருச்சியில் நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட இந்தச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் தனி ஒருவரிடம் நேரடியாக வாங்கிய பழைய காருக்கு இந்தச் சட்டம் துணைக்கு வராது, அவர் வணிகர் அல்ல. ஆகவே பணம் கொடுக்கும் முன்பே ஜாக்கியில் தூக்கிப் பாருங்கள்.

குற்றம் வண்டியில் மட்டும் இல்லாமலும் இருக்கலாம். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட, சரிவான மேடாக இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் தொல்லையின்றி ஏறி இறங்குவதற்கான அளவு அது. ஒரு சாண் அகலத்தில் செங்குத்தாகக் கட்டிய மேடு, நல்ல மூட்டையும் நாளடைவில் தேய்த்துவிடும். அப்படி ஒன்று இருந்தால் படம் எடுத்து, பேரூராட்சித் தெருவானால் குரும்பலூர் பேரூராட்சியிலும், நெடுஞ்சாலைத் துறையின் சாலையானால் அந்தத் துறையிடமும் மனு கொடுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவையுங்கள். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். சாலையைத் தரப்படி அமைக்காமல், பராமரிக்காமல் விட்டதால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் அதற்குப் பொறுப்பான அதிகார அமைப்பு அல்லது ஒப்பந்ததாரருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-இல் சேர்த்த 198A பிரிவு வழி செய்கிறது. விபத்துக்கு முன்பே கொடுத்த மனுவின் நகல், அந்த வழக்கில் வலுவான சாட்சியாக நிற்கும்.