பேட்மேனை எழுதியவரின் பெயர் 76 வருஷம் எங்கே போச்சு?

'தி டார்க் நைட்', 'தி பேட்மேன்' ரெண்டு படத்தையும் பார்த்திருப்பீங்க. அடுத்த தடவை ஓடிடி-யில் போடும்போது, பெயர்கள் ஓடுற இடத்தை ஸ்கிப் பண்ணாம பாருங்க. 2008-ல் வந்த 'தி டார்க் நைட்' படத்தில் பேட்மேனை உருவாக்கியவர் என்று ஒரே பெயர்தான் இருக்கும். பாப் கேன். 2022-ல் வந்த 'தி பேட்மேன்' படத்தில் அவரோடு இன்னொரு பெயரும் வரும். பில் ஃபிங்கர்.

நடுவில் புதுசா யாரும் வந்து சேரவில்லை. ஃபிங்கர் 1974-லேயே இறந்துவிட்டார்.

கதை 1939-ல் நியூயார்க்கில் தொடங்குது. அதுக்கு முந்தின வருஷம் வந்த சூப்பர்மேன் சக்கைப்போடு போட, 'இதே மாதிரி இன்னொரு ஹீரோ வேணும்' என்று பதிப்பகம் தேட ஆரம்பித்தது. இளம் ஓவியரான பாப் கேன் 'பேட்மேன்' என்று ஓர் உருவத்தை வரைந்தார். சிவப்பு உடை, கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன மாஸ்க், முதுகில் விறைப்பா ரெண்டு இறக்கை. நாம் பார்த்துப் பழகின பேட்மேனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

அதைத் தன் நண்பர் ஃபிங்கரிடம் காட்டினார் கேன். அப்போது ஷூ விற்கும் வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதிக்கொண்டிருந்தவர் ஃபிங்கர். அவர் சொன்ன மாற்றங்களைக் கேளுங்க. இறக்கையை எடுத்துட்டு, ஓடும்போது வவ்வால் மாதிரி விரியும் கேப் போடு. தலையை மூடும் முகமூடி கொடு, அதில் காது வை. கண்ணில் கருவிழி வேண்டாம், வெறும் வெள்ளையா விடு. சிவப்பை விட்டுட்டு சாம்பல் நிறத்துக்குப் போ. கையில் கிளவுஸ் மாட்டு. முதல் கதையை எழுதியதும் அவர்தான். 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27-வது இதழில் அது வெளியானது. மறைக்காமல் இதையும் சொல்லிடணும்: அந்த முதல் கதையின் கரு, 'தி ஷேடோ' என்ற அந்தக் காலத்து மலிவு விலை துப்பறியும் தொடரிலிருந்து எடுத்தது. ஃபிங்கரே பிற்பாடு அதை ஒப்புக்கொண்டார்.

புரூஸ் வெய்ன் என்ற பெயர் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ், அமெரிக்கப் புரட்சிப்போர் தளபதி அந்தோணி வெய்ன் ரெண்டு பேரையும் சேர்த்து அவர் வைத்தது. நகரத்துக்குப் பெயர் தேடி டெலிபோன் டைரக்டரியைப் புரட்டியபோது ஒரு நகைக்கடையின் பெயர் கண்ணில் பட்டது. அப்படி வந்ததுதான் கோத்தம். ஜோக்கர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சிக்கல். சீட்டுக்கட்டு ஜோக்கர் ஐடியா தன்னுடையது என்றார் உதவி ஓவியர் ஜெர்ரி ராபின்சன். கேன் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. ஆனால், 'தி மேன் ஹூ லாஃப்ஸ்' என்ற 1928-ம் வருஷத்துப் படத்தில் சிரித்தபடியே உறைந்துபோன அந்த முகத்தின் போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தது ஃபிங்கர்.

'எழுத்தாளர்னா பலூனுக்குள்ள வர்ற டயலாக்கை எழுதுறவர்தானே?'ன்னு நீங்க கேட்கலாம். இல்லைங்க. முழு ஸ்கிரிப்ட் எழுதுபவர் ஒரு பக்கத்தில் எத்தனை கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் யார் எங்கே நிற்கிறார், மேலிருந்து பார்க்கிறோமா கீழிருந்தா, பக்கத்தைத் திருப்பினதும் எந்த அதிர்ச்சி வரணும் என்பதுவரைக்கும் எழுதணும். திரைக்கதையும் பாதி டைரக்‌ஷனும் சேர்ந்த வேலை. அதன்பிறகு பென்சிலில் வரைபவர், மை போடுபவர், எழுத்து எழுதுபவர், கலர் கொடுப்பவர் என்று கைமாறும். கடைசியில் வாசகர் கையில் இருப்பது படம். ஸ்கிரிப்ட் பேப்பரை யாரும் பார்ப்பதில்லை.

ஃபிங்கர் இதில் கில்லாடி. எங்கே போனாலும் கையில் ஒரு நோட்டு. விசித்திரமான தகவல், வித்தியாசமான இடம், எது கிடைத்தாலும் குறித்துக்கொள்வார். வரைபவருக்கு உதவியா போட்டோக்களை வெட்டி ஸ்கிரிப்டோடு சேர்த்துக் கொடுப்பார். பழைய பேட்மேன் கதைகளில் ராட்சத டைப்ரைட்டர் மேல் நின்று சண்டை போடுவாங்களே, அந்த மாதிரி பிரமாண்டப் பொருள்கள் அவருடைய டிரேட்மார்க். ஒரே குறை, சொன்ன தேதிக்கு ஸ்கிரிப்ட் வராது. தொடர் ஆரம்பித்த சில மாதங்களிலேயே அவர் இடத்தில் வேறு எழுத்தாளரைப் போட வேண்டியதாச்சு. கையிலும் எப்போதும் காசு இருக்காது.

சரி, பெயர் எப்படிப் போச்சு? பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டது கேன் மட்டும்தான். பேட்மேனை உருவாக்கியவர் என்று தன் பெயர் மட்டுமே வரணும் என்பதை அதில் உறுதிப்படுத்திக்கொண்டார். ஃபிங்கர் ஆரம்பத்தில் கேனுக்காக எழுதி, கேனிடம் காசு வாங்கியவர். அந்தக் காகிதத்தில் அவர் ஒரு தரப்பே இல்லை. பதிப்பகத்துக்கு நேரடியா எழுத ஆரம்பித்த பிறகும் இது மாறவில்லை.

1965-ல் நியூயார்க்கில் நடந்த காமிக்ஸ் ரசிகர்கள் கூட்டத்தில்தான் ஃபிங்கர் தன் பங்கைப் பற்றி வெளியே பேசினார். அதைக் கேட்ட ஜெர்ரி பெய்ல்ஸ் என்ற ரசிகர் கட்டுரையாவும் எழுதினார். உடனே கேன் ஒரு நீளமான கடிதம் எழுதி, எல்லாம் தன் படைப்புதான் என்று மறுத்தார். அடுத்த வருஷம் பேட்மேன் டிவி தொடர் அமெரிக்காவையே கலக்கியது. அதில் 'க்ளாக் கிங்' வில்லனாக வரும் கதையை ஃபிங்கர் தன் நண்பரோடு சேர்ந்து எழுதினார். அவர் உயிரோடு இருந்தபோது பேட்மேனோடு அவர் பெயர் திரையில் வந்தது அந்த ஒரு கதைக்குத்தான்.

1974 ஜனவரியில் இறந்தபோது வயது 59. மகன் ஃப்ரெட், அப்பாவின் சாம்பலை ஓரிகன் மாநிலக் கடற்கரைக்குக் கொண்டுபோய், மணலில் வவ்வால் வடிவத்தில் தூவினார்.

1989-ல் வெளியான தன் சுயசரிதையில், ஃபிங்கருக்குச் சேரவேண்டிய பெயர் கிடைக்கவில்லை என்று கேனே ஒத்துக்கொண்டார். ஆனாலும் ஒப்பந்தம் அப்படியேதான் இருந்தது. அதை அசைக்க ஒரு வாரிசு வேண்டும். ஃப்ரெட்டும் 1992-ல் இறந்துவிட்டதால் யாரும் இல்லை என்றே பலர் நினைத்தார்கள். ஃபிங்கரைப் பற்றி சிறுவர்களுக்குப் புத்தகம் எழுதக் கிளம்பிய மார்க் டைலர் நோபில்மேன், தேடித் தேடி ஃப்ரெட்டின் மகள் அதீனாவைக் கண்டுபிடித்தார். தாத்தா இறந்த பிறகு பிறந்தவர் அவர்.

அதீனா விடவில்லை. 2015 செப்டம்பரில் குடும்பத்தோடு உடன்பாடு ஏற்பட்டதாக டி.சி. நிறுவனம் அறிவித்தது. அடுத்த வருஷம் 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' படத்தில் பெயர் வந்தது. அதிலும் ஒண்ணு கவனிங்க, பாப் கேன் 'அண்ட்' பில் ஃபிங்கர் என்று இருக்காது. 'வித்' பில் ஃபிங்கர். சமமான இடம் இன்னும் இல்லைன்னுதான் எனக்குத் தோணுது.

ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கதை பேசியது பிராங்ஸ் பகுதியில் இருக்கிற போ பார்க்கில். 2017 டிசம்பரில் அந்தப் பூங்கா பக்கத்துத் தெருமுனைக்கு 'பில் ஃபிங்கர் வே' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பலகையில் கூட யாரும் இல்லை, அவர் பெயர் மட்டும்தான்.