ஆட்டோ ஏறினாலே 25 ரூபாய்... மீட்டர் கணக்கை ஒரே கோட்டில் படிப்பது எப்படி?

வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கியாச்சு. நூம்பலுக்குள் இருக்கும் வீட்டுக்கு இன்னும் 2.8 கி.மீ. என்று மேப் காட்டுகிறது.

"அண்ணா, நூம்பல் வருமா?"

"ஏறுங்க, நூறு ரூபா குடுங்க."

"எண்பது?" என்று இழுத்துப் பார்த்துவிட்டு கடைசியில் ஏறிவிடுவோம். இந்த 100, 80 எல்லாம் எந்தக் கணக்கு? அரசு நிர்ணயித்த கட்டணப்படி எவ்வளவு வரும்? ஸ்கூலில் போட்ட நேர்கோட்டு வரைபடத்தை ஞாபகப்படுத்தினால் விடை கிடைத்துவிடும்.

கட்டணத்தில் என்ன இருக்கிறது?

சென்னை ஆட்டோக்களுக்குத் தமிழக அரசு 2013 ஆகஸ்ட்டில் கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கி.மீ. வரை 25 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு கி.மீ.க்கும் 12 ரூபாய்.

இதைப் படமாகப் போடலாம். கீழே படுத்திருக்கும் அச்சில் தூரம், நிற்கும் அச்சில் ரூபாய். கோடு பூஜ்ஜியத்தில் தொடங்காது, 25-ல் தொடங்கும். 1.8 கி.மீ. வரை மேடு பள்ளம் இல்லாமல் நேராகப் போகும். அரை கி.மீ. போனாலும் 25 ரூபாய் கொடுப்பது இதனால்தான். 1.8-ஐத் தாண்டியதும் கோடு மேலே ஏறத் தொடங்கும், ஒரு கி.மீ.க்கு 12 ரூபாய் வீதம்.

25 என்பது தொடக்க மதிப்பு. 12 என்பது சாய்வு, அதாவது கோடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது. இந்த இரண்டும் தெரிந்தால் எந்தத் தூரத்துக்கும் கட்டணம் சொல்லிவிடலாம்.

பலரும் தப்பு விடும் இடம்

2.8 கி.மீ.க்கு கணக்கு போடும்போது 25-உடன் 2.8 × 12 சேர்த்து 58.60 என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. முதல் 1.8 கி.மீ.க்கான காசு அந்த 25-லேயே வந்துவிட்டது. மீதி 1 கி.மீ.க்கு மட்டும்தான் 12. ஆக மொத்தம் 37 ரூபாய்.

ஈஸியான வழி ஒன்று இருக்கிறது. ஏறுகிற கோட்டை அப்படியே பின்பக்கம் நீட்டினால், அது ரூபாய் அச்சை 3.40-ல் தொடும். எனவே 1.8 கி.மீ.க்கு மேல் எந்தத் தூரமாக இருந்தாலும், தூரத்தை 12-ஆல் பெருக்கி 3.40 சேர்த்தால் போதும். 2.8-க்கு 33.60 + 3.40 = 37. சரியாக வருகிறது.

கோட்டை இன்னொரு திசையிலும் படிக்கலாம். ரூபாய் அச்சில் 100-ல் இருந்து பக்கவாட்டில் போய், கோட்டைத் தொட்டதும் கீழே இறங்கிப் பாருங்கள். 8 கி.மீ.க்குச் சற்று மேல் வந்து நிற்கும். வேலப்பன்சாவடியில் கேட்ட அந்த 100 ரூபாய்க்கு, 2013 கணக்குப்படி இவ்வளவு தூரம் போகலாம்.

சங்கங்கள் அறிவித்த புதிய கோடு

கட்டணம் பல வருஷமாக மாறாத நிலையில், 2025 பிப்ரவரி 1 முதல் 1.8 கி.மீ.க்கு 50 ரூபாய், அதன்பின் கி.மீ.க்கு 18 ரூபாய் என ஆட்டோ ஓட்டுநர் சங்கங்கள் தாங்களாகவே அறிவித்தன. அரசுத் தரப்பு இதை ஏற்கவில்லை. 2013 கட்டணமே செல்லும் என்றது.

இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் போட்டுப் பார்த்தால்:

1.8 கி.மீ.: 25 ரூபாய், 50 ரூபாய். வித்தியாசம் 25.
2.8 கி.மீ.: 37 ரூபாய், 68 ரூபாய். வித்தியாசம் 31.
11.8 கி.மீ.: 145 ரூபாய், 230 ரூபாய். வித்தியாசம் 85.

தூரம் கூடக் கூட ரூபாய் இடைவெளி அதிகமாகிறது. சாய்வு 12-லிருந்து 18 ஆனதன் விளைவு இது. ஆனால் விகிதமாகப் பார்த்தால் கதை தலைகீழ். 1.8 கி.மீ. பயணத்துக்குக் கட்டணம் இரண்டு மடங்கு; 11.8 கி.மீ.க்கோ சுமார் 1.6 மடங்குதான்.

அதாவது தொடக்க மதிப்பை உயர்த்தினால் அதிகம் அடி வாங்குவது குறைந்த தூரம் போகிறவர்கள். மெயின் ரோட்டில் இறங்கி தினமும் நூம்பலுக்குள் ஆட்டோ பிடிப்பவருக்கு 25-ஆ, 50-ஆ என்பதுதான் பெரிய கேள்வி. தி.நகர் வரை போகிறவருக்கு 12-ஆ, 18-ஆ என்பது முக்கியம்.

இரவில் என்ன ஆகும்?

இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு கட்டணம். தொடக்கம் 37.50 ஆகும், சாய்வு 18 ஆகும். இப்போது கவனியுங்கள்: சங்கங்கள் பகலுக்குக் கேட்ட சாய்வும் 18-தான். சாய்வு ஒன்றாக இருந்தால் கோடுகள் இணையாக ஓடும். எவ்வளவு தூரம் போனாலும் அந்த இரண்டுக்கும் இடையே அதே 12.50 ரூபாய் இடைவெளி இருக்கும்.

டிராஃபிக்கில் மாட்டினால்? காத்திருப்புக்கு 5 நிமிடத்துக்கு 3.50 ரூபாய். தூரம் கூடாமல் காசு மட்டும் கூடுவதால், கோடு அந்த இடத்தில் செங்குத்தாக ஏறும். கால் மணி நேரம் நின்றால் 10.50 ரூபாய்.

கோடு சொல்லாதது

இந்தக் கோடு ஆட்டோவில் ஆள் இருக்கும் தூரத்தை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறது. நூம்பலுக்குள் இறக்கிவிட்டு, ரிட்டன் சவாரி கிடைக்காமல் காலியாகத் திரும்பும் டிரைவர் ஓட்டுவது 5.6 கி.மீ. கையில் வருவது 37 ரூபாய். கி.மீ.க்கு சுமார் 6.60 ரூபாய். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய ஊரில், "நூறு குடுங்க" என்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

அதற்காக 37 ரூபாய் தூரத்துக்கு 100 கேட்பது சரியாகிவிடாது. சங்கங்கள் அறிவித்த கட்டணத்தில்கூட அது 68-தான். அடுத்த முறை ஏறும் முன் மேப்பில் தூரத்தைப் பாருங்கள், 12-ஆல் பெருக்குங்கள், 3.40 சேருங்கள். எங்கிருந்து பேரம் தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.