நனைந்தபின் முக்காடு எதற்கு?

"முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு?" என்பது நம் முன்னோர் வாய்மொழி. மழைக்கு அது பொருந்தலாம்; உணவுக்குப் பொருந்தாது. எனினும், உடல் எடையைக் குறைக்க முயன்று இடையில் வழுவியோரைப் பெரிதும் கெடுப்பது இந்த எண்ணமே. மூன்று மாதம் அளவறிந்து உண்டு, மாலைதோறும் நடந்து, ஐந்து கிலோ குறைத்த ஒருவர், தீபாவளியன்று முறுக்கும் அதிரசமும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் அளவின்றி உண்கிறார். மறுநாள், "எல்லாம் போயிற்று, இனி என்ன கட்டுப்பாடு?" என்று பழைய வழக்கத்துக்கே மீள்கிறார். அவர் முயற்சியைக் கெடுத்தது தீபாவளியா, மறுநாள் எழுந்த எண்ணமா?

இக்கேள்வி நமக்குப் பொழுதுபோக்கான கேள்வி அன்று. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களுள் பாதிப்பேர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். இந்தியருள் இது நூற்றுக்கு ஏறத்தாழ 64. நீரிழிவு நாடு முழுவதிலும் நூற்றுக்கு 18 பேருக்கு இருந்தது. இந்தியருள் 31 பேருக்கு இருந்தது. நம் பெற்றோர் விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று, பின் மேடும் பள்ளமும் ஏறி இறங்கிப் பால் வெட்டினர். அவர்கள் உண்ட சோறு உழைப்பில் கரைந்தது. அவர்களின் மக்களோ ஸ்கூடாயிலும் பாசீர் கூடாங்கிலும் அமர்ந்து வேலை செய்கின்றனர். சோற்றின் அளவு மட்டும் தோட்டத்து அளவாகவே நிற்கிறது.

முதற்கண், சிறிது கணக்குப் பார்ப்போம். உடலில் ஒரு கிலோ கொழுப்புச் சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகையாக வேண்டும். விருந்து நாளில் ஒருவர் தேவைக்கு மேல் 1,500 கலோரி உண்டார் எனக் கொள்வோம். வகுத்துப் பார்த்தால் சேரும் கொழுப்பு 200 கிராம் அளவே. மறுநாள் தராசு இரண்டு கிலோ கூட்டிக் காட்டினால், அதில் பெரும்பகுதி உப்பும் மாவுப்பொருளும் உடலில் பிடித்துவைத்த நீரும், குடலை விட்டு நீங்காத உணவுமாகும். வழக்கமான உணவுக்குத் திரும்பினால் அந்நீர் சில நாள்களில் வடிந்துவிடும். ஆனால், மனம் உடைந்து ஒரு மாதம் நாள்தோறும் 500 கலோரி மிகையாக உண்டால், சேர்வது 15,000 கலோரி. தீபாவளி கொடுத்தது 200 கிராம். மறுநாள் எண்ணம் கொடுத்தது இரண்டு கிலோ.

இவ்வெண்ணத்தின் வலிமையை உளநூலார் சோதித்துக் கண்டுள்ளனர். 1975-இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பெண்கள் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பின்னர் ஐஸ்கிரீமை விரும்பிய அளவு உண்ணவிட்டனர். உணவில் கட்டுப்பாடு கொள்ளாதோர், முன்பே பருகியிருந்தமையால் ஐஸ்கிரீமைக் குறைத்தே உண்டனர். எடைக்கு அஞ்சி நாளும் கட்டுப்பாட்டில் இருந்தோரோ, முன்பு பருகியபின் மேலும் மிகுதியாக உண்டனர். கட்டு ஒருமுறை அறுந்தபின் எவ்வளவு உண்டாலும் ஒன்றே என்ற நினைப்பே இதற்குக் காரணம் என்பர் அறிஞர்.

வழுவியோரை மனவுறுதி அற்றவர் என இகழ்வதும் முறையன்று. 2011-இல் ஆஸ்திரேலியாவில் மருத்துவர் பிரியா சுமித்ரனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வொன்று இதனை விளக்கும். பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைந்தோரின் குருதியில், பசியைத் தூண்டும் கிரெலின் மிகுந்தது. போதும் என உணர்த்தும் லெப்டின் குறைந்தது. ஓராண்டு சென்ற பின்னும் அந்நிலை முற்றும் மாறவில்லை. இழந்த எடையை மீட்கவே உடல் முயல்கிறது.

அங்ஙனமாயின், வழுவிய மறுநாள் செய்யத்தக்கது யாது? பட்டினி கிடந்து ஈடுகட்டலாம் என்பார் சிலர். அவர்களுக்குப் பால்மரமே விடை சொல்லும். ஜொகூர்த் தோட்டங்களில் இன்று செம்பனையே மிகுதி. எனினும் பால் வெட்டிய மூத்தோர் நம்மிடையே உள்ளனர். மழையில் பட்டை நனைந்தால் அன்று வெட்டு இல்லை. இழந்த பாலை ஈடுசெய்ய, மறுநாள் ஆழமாக வெட்டுவாரா தேர்ந்த தொழிலாளி? ஆழ வெட்டினால் கத்தி பட்டையைக் கடந்து மரத்தைக் காயப்படுத்தும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னர் அங்கே செவ்வையாக வெட்ட இயலாது. ஆதலின் விட்ட இடத்தில், அதே சாய்வில், அதே ஆழத்தில் வெட்டுவார். உடலுக்கும் இதுவே முறை. பகல் முழுதும் பட்டினி கிடந்தவர் இரவில் கட்டின்றி உண்பதைக் காண்கிறோம். நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் பட்டினி கிடந்தால், குருதிச் சர்க்கரை மிகத் தாழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம்.

திரும்புவதற்கு நாள் பார்க்க வேண்டா. திங்கட்கிழமைக்கும் புத்தாண்டுக்கும் காத்திருக்க வேண்டா. அடுத்த வேளை உணவே தொடக்கம். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ என்று சுகாதார அமைச்சு கூறும் முறை யாவர்க்கும் எளிது. தே தாரேக்கு மாற்றாகச் சீனியில்லாத் தேநீர் அருந்தலாம். மாலை நடையை அன்றே தொடரலாம். பின்னர், வழுவியது எங்கே என்று ஒரு தாளில் குறித்துக்கொள்க: எந்த வேளை, எவர் வீடு, இரவு வேலையா, மனத்துயரா? இடம் தெரிந்தால் அடுத்த முறை ஆயத்தமாகலாம்.

ஒரு நாள் வராத மாணவன் பெயரை நாம் வருகைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவதில்லை. புது வழக்கம் படிவதுபற்றி இலண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் நடத்திய ஆய்வு 2010-இல் அச்சாயிற்று. வழக்கம் படிய நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. இடையில் ஒரு நாள் தவறியது அதனைக் குறிப்பிடத்தக்க அளவில் கெடுக்கவில்லை.

எடை குறையாதபோதும் முயற்சி வீணாவதில்லை என்பதற்குச் சென்னையே சான்று. நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரைப் பிரிவுகளாக்கி மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் ஆராய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்ட பிரிவினரின் எடை பெரிதும் மாறவில்லை. ஆனால் நீரிழிவு தோன்றுவது நூற்றுக்கு 28 அளவு குறைந்தது. தராசு காணாத நன்மையை உடல் கண்டது.

ஆதலின், வழுவியவர் நாணி ஒதுங்க வேண்டா. ஆசிரியராகிய நாம் பெற்றோர் கூட்டத்திலும் அண்டை அயலிலும் இதனை எடுத்துரைப்போமாக. நனைந்தபின்னும் முக்காடு வேண்டும்; மழை இன்னும் நின்றபாடில்லை.