கடைப் பையனையும் கூட்டத்துக்கு அனுப்புவோம்

கூட்டத்துக்கு அழைப்பிதழ் வந்தால் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். முதலாளி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். கடைப் பையன் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வான். மே 5 வணிகர் தின மாநாடு என்றால் கடையை அடைத்துவிட்டு எல்லோரும் போகிறோம். அது நம் ஒற்றுமையைக் காட்டும் நாள். அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. வரி விளக்கக் கூட்டம், உணவுப் பாதுகாப்புப் பயிற்சி, சரக்குக் கண்காட்சி போன்றவற்றுக்கு யார் போவது என்பதுதான் நாம் யோசிக்க வேண்டியது.

நாங்களும் வெகுகாலம் பையனைக் கடையில் விட்டுவிட்டுப் போனவர்கள்தாம். 2022 ஜூலையில் அது மாறியது. அதுவும் நாங்களாக விரும்பி மாற்றியதல்ல. அந்த மாதம் 18-ஆம் தேதி முதல், அதுவரை முக்கியமாக பிராண்டுச் சரக்குக்கு இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி., பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று கடைக்குக் கடை ஒரு பேச்சு. மதுரையில் விளக்கக் கூட்டம் போட்டார்கள். அன்று எங்கள் வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம். பணம் கட்டிய இடம் வீணாக வேண்டாமே என்று, கடையில் சேர்ந்து எட்டு மாதமே ஆன பி.காம். படித்த பையனை அனுப்பினோம்.

"அண்ணாச்சி, நான் போய் என்ன செய்ய? எல்லாம் பெரிய ஆளுகளா இருப்பாங்களே" என்றான்.

"சும்மா உட்கார்ந்து கேட்டுட்டு வா தம்பி" என்றோம். நல்லவேளை, அவன் சும்மா உட்காரவில்லை.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் புரியவில்லையாம். பிரிவு எண்ணும் அறிவிக்கை எண்ணுமாகவே போயிருக்கிறது. பெரியவர்கள் எழுந்து வரியைக் கண்டித்துப் பேசினார்கள். நாங்கள் போயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். கடைசியில் இவன் எழுந்து, தொண்டை அடைக்கக் கேட்டிருக்கிறான்: "நாங்க 50 கிலோ மூட்டை துவரம்பருப்பு வாங்கி, ராத்திரியே ஒரு கிலோ, அரைக் கிலோன்னு கட்டி லேபிள் ஒட்டி வைக்கிறோம். அதுக்கு வரி உண்டா? மூட்டையைப் பிரிச்சு, வாங்குறவங்க முன்னாடி நிறுத்துக் கொடுத்தா?"

கட்டி லேபிள் ஒட்டி வைத்தால் வரி உண்டு, சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் இல்லை என்று பதில் வந்தது. கூடவே இன்னும் இரண்டு விவரம் சொன்னார்கள். 25 கிலோ வரை, அந்த 25-ஐயும் சேர்த்து, பொட்டலத்துக்கு வரி. அதைத் தாண்டினால் இல்லை. பத்துக் கிலோப் பைகள் பத்தைப் பெரிய சாக்கில் போட்டுத் தைத்துவிட்டால் தப்பிக்கலாம் என்பதும் நடக்காது.

இந்தக் கேள்வி எங்கள் வாயில் வந்திருக்காது. இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து பொட்டலம் கட்டுகிறவன் அவன். நாங்கள் அந்நேரம் வீட்டில் இருப்போம். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஓர் அரிசி ஆலையின் விற்பனையாளர். இனி 26 கிலோ சிப்பம்தான் வரப்போகிறது என்று அவர் சொன்னதையும் எழுதிக்கொண்டு வந்தான். அப்படியே வந்தது. கடைப் பெயர் போட்ட பருப்புக் கவருக்கு சிவகாசியில் விலை பேசி, முன்பணம் கொடுக்கப் போகிற சமயம் அது. மறுநாள் காலையிலேயே நிறுத்திவிட்டோம்.

அன்றிலிருந்து சில வழக்கங்கள் வைத்திருக்கிறோம். போகிறவனுக்கு பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் கையில் கொடுத்துவிடுவோம். கூட்டத்துக்குப் போன நாளுக்குச் சம்பளம் பிடிக்கிற கடைகளும் உண்டு, யாரென்று சொல்லவேண்டாம். கடை முகவரி அட்டை பத்து, சின்ன நோட்டு ஒன்று. கேட்க வேண்டிய கேள்வியை முந்தின நாளே அவனையே எழுதச் சொல்கிறோம். நம் கொள்முதல் விலையை யாரிடமும் வாய்விடக் கூடாது, அங்கேயே ஆர்டர் எதற்கும் தலையாட்டக் கூடாது என்பவை மட்டும் கண்டிப்பு. பை நிறைய நோட்டீஸ் அள்ளிக்கொண்டு வருவதால் பயனில்லை. டீ குடிக்கிற நேரத்தில் இரண்டு வெளியூர்க் கடைக்காரரைத் தெரிந்துகொண்டு வந்தால் அதுவே பெரிய கொள்முதல். பில் போடும் பெண்பிள்ளைகளை இரண்டு பேராகச் சேர்த்து அனுப்புகிறோம்.

திரும்பி வந்தபின் அவன் பேச நாம் கேட்பதுதான் கடினம். ஒருமுறை ஒரு பையன் சொல்ல ஆரம்பித்ததும், "இது எங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டோம். அதன்பிறகு அவன் எந்தக் கூட்டத்தைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.

"நாலு பேரைப் பார்த்தால் பறந்துவிடுவானே" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பறக்கத்தான் செய்கிறார்கள். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த கண்காட்சிக்கு நாங்கள் அனுப்பிய ஒருவனை, ஒரே மாதத்தில் வேறொருவர் கூடுதல் சம்பளத்துக்கு அழைத்துக்கொண்டார். வருத்தந்தான்; தீபாவளி நேரம் வேறு. ஆனால் குடோனில் பூட்டி வைத்தாலும் போகிறவன் போவான். நம் பிள்ளைகளே பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டார்கள். நாளைக்கு இந்தக் கடையை நடத்த இவர்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

மதுரைக்குப் போன அந்த பி.காம். பையனும் இப்போது எங்களிடம் இல்லை. பக்கத்து ஊரில் சொந்தமாக மளிகைக் கடை வைத்துவிட்டான். மிளகாயும் மல்லியும் எங்களிடம்தான் எடுக்கிறான். பதினைந்து நாளில் பணம் வந்துவிடும். போன வாரம் போன் செய்தான். "அண்ணாச்சி, அடுத்த கூட்டத்துக்கு உங்க கடையிலேர்ந்து யாரு போறாங்க? எங்க பையனை அவங்களோட அனுப்பணும். புதுப் பையன், கொஞ்சம் கூச்சப்படுறான்."