நோயாளியின் படுக்கையருகே கைபேசி: மின்கலத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவோம்

மருத்துவமனையில் தங்கியிருப்போருக்குக் கைபேசி இன்று இன்றியமையாத துணையாகும். ஊரிலுள்ள உறவினரிடம் பேசவும், பரிசோதனை முடிவுகளைப் பெறவும், குருதிக் கொடையாளரைத் தேடவும் அதுவே உதவுகிறது. ஆகவே வார்டில் கைபேசி வேண்டாம் என்று நாங்கள் சொல்வதில்லை. அதனை எங்கே வைத்துச் சார்ஜ் செய்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும் என்றே கேட்டுக்கொள்கிறோம்.

வெப்பம் வெளியேற வழி வேண்டும்

கைபேசிகளில் இருப்பவை 1991-ஆம் ஆண்டு முதல் விற்பனையில் உள்ள லித்தியம் அயனி வகை மின்கலங்கள். சார்ஜ் ஏறும்போது இவை சற்றுச் சூடாவது இயல்பே. தலையணைக்கு அடியிலோ போர்வைக்குள்ளோ வைத்தால் அவ்வெப்பம் அடைபடும். மின்கலம் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தால், வெப்பம் மேலும் வெப்பத்தைப் பெருக்கிப் புகையும் தீயும் எழக்கூடும். எனவே கடினமான, சமமான பரப்பின்மீது வைத்து, விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்யுங்கள்.

ஆக்சிஜன் பெறுவோர் கவனத்திற்கு

ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. ஆனால் எரியும் பொருளை மிக விரைவாக எரியச் செய்யும். நோயாளியின் ஆடை, விரிப்பு, தலைமுடி ஆகியவற்றில் தங்கும் ஆக்சிஜன், குழாயை மூடிய பிறகும் சிறிது நேரம் நீடிக்கும். அந்நிலையில் ஒரு சிறு பொறியும் பெருந்தீயாகலாம். ஆகையால் ஆக்சிஜன் பெறுவோரின் படுக்கையில் கைபேசியையோ பவர் பேங்கையோ ஒருபோதும் சார்ஜ் செய்யாதீர்கள். வீட்டில் சிலிண்டர் அல்லது கான்சன்ட்ரேட்டர் பயன்படுத்துவோருக்கும் இது பொருந்தும்.

படுக்கையருகே மேலும் மூன்று எச்சரிக்கைகள்

• மருத்துவக் கருவிகளின் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சார்ஜரைப் பொருத்தாதீர்கள். எந்த இணைப்பைப் பயன்படுத்தலாம் என்று செவிலியரிடம் கேளுங்கள்.

• நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டோர், பக்கவாதமுற்றோர், முதுகில் மயக்க ஊசி பெற்றோர் ஆகியோர் சூட்டை உணராமல் இருக்கலாம். சார்ஜ் ஏறும் கைபேசி அவர்கள் உடலைத் தொட்டுக்கொண்டே இருந்தால் தீப்புண் உண்டாகலாம்.

• பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டோர் கைபேசியைச் சட்டைப் பையில் வைக்காமல், கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். சில கைபேசிகளிலும் கம்பியில்லாச் சார்ஜர்களிலும் உள்ள காந்தம் அக்கருவியின் இயக்கத்தை மாற்றக்கூடும்.

மின்கலம் நெடுநாள் உழைக்க

முழுவதும் தீர்ந்த பிறகே சார்ஜ் செய்ய வேண்டும் என்பது பழைய வகை மின்கலங்களுக்கான வழக்கம். லித்தியம் அயனிக்கு அது தேவையில்லை. இயன்றவரை 20 முதல் 80 விழுக்காட்டிற்குள் வைத்திருங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்தினுள் விட்டுச் செல்லாதீர்கள். கைபேசிக்குப் பொருத்தமான, பி.ஐ.எஸ். முத்திரையுள்ள சார்ஜரையே வாங்குங்கள். உறை கிழிந்து கம்பி தெரியும் கேபிளை உடனே மாற்றுங்கள்.

மின்கலம் உப்பினால்

பின்மூடி மேலெழும்பினாலோ திரை பிதுங்கினாலோ மின்கலத்தினுள் வாயு சேர்ந்துள்ளது என்று பொருள். கைபேசியை அணைத்துவிடுங்கள். மீண்டும் சார்ஜ் செய்யவோ, அழுத்தவோ, குத்தவோ கூடாது. பழுதுநீக்கும் மையத்தில் ஒப்படையுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்.

புகை வந்தால்

முதலில் நோயாளியை அப்பால் கொண்டுசெல்லுங்கள். மருத்துவமனையில் எனில் உடனே குரல் கொடுத்துப் பணியாளரை அழையுங்கள்; ஆக்சிஜனை அவர்கள் நிறுத்துவார்கள். வீட்டில் எனில் ஆக்சிஜனை மூடி, எட்ட முடிந்தால் சார்ஜரின் சுவிட்சை அணைத்து, அனைவரும் வெளியேறி 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். புகையும் கைபேசியைக் கையில் எடுக்காதீர்கள்.

இரவு உறங்கும் முன், நோயாளியின் தலையணையருகே கைபேசியோ கேபிளோ கிடக்கிறதா என்று உடனிருப்போர் ஒருமுறை பாருங்கள். ஐயமிருப்பின் பணியிலுள்ள செவிலியரை எந்நேரமும் அணுகலாம்.